இங்கே குழந்தைகள் யாரும் வருவதில்லை

ஏங்க அக்கா, உள்ள போய்ப் பேசும்போது நம்ம பேரைச் சொல்லித்தான் ஆகணுமா?

பேரு, ஊரு, வேலை பாக்கிற இடம், எல்லாத்தையும் மைக்குல சொல்லிட்டுத்தான் ஆரம்பிக்கணுமாம். கதவுகிட்ட நிக்கிறாரே, அந்த டவாலி அண்ணன் சொல்றார். ஊரை மட்டும் சொன்னா ஆகாதான்னு கேட்டேன். "ஊரா வந்து பேசப் போகுது?"ன்னு திருப்பிக் கேக்கிறார். நல்ல மனுசன்தான், சிரிச்சுக்கிட்டேதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வர மாட்டேங்குது. எப்பவும் நான் இப்படி இல்லைங்க. எங்க மில்லுல என்னை ரேடியோன்னுதான் கூப்பிடுவாங்க. இன்னைக்குக் காலையில இருந்து வாய் காஞ்சு கிடக்கு. பாட்டில் தண்ணி பூரா குடிச்சுட்டேன், அப்பவும் காயுது.

நீங்களும் இந்தக் கருத்துக் கேக்கிற கூட்டத்துக்குத்தானா? ஓ, வாரிசு சர்டிபிகேட்டுக்கா. ஆபீசர் சாப்பிட்டு வர நேரமாகும்னு சொல்லிட்டாங்களா. அப்ப நல்லதாப் போச்சு, இப்படி உக்காருங்க. பக்கத்துல யாராச்சும் இருந்தா எனக்கும் கொஞ்சம் தெம்பா இருக்கும்.

அட, ஃபேன் நின்னு போச்சு. கரண்டு போயிடுச்சு போல.

என்ன தேடுறீங்க? பாப்பாவையா? ஆமா, இப்பத்தான் இங்க நின்னுக்கிட்டிருந்தா. பெஞ்சுக்கு அடியில குனிஞ்சு பாருங்க. பாத்தீங்களா. மூச்சு விடுற சத்தம்கூட வராது. இப்ப நீங்க எப்படிக் கூப்பிட்டாலும் வர மாட்டா, பிஸ்கட்டைக் காட்டினாலும் வர மாட்டா. ஃபேன் மறுபடி ஓடுச்சுன்னா தானா வந்துடுவா. வீட்லயும் இப்படித்தான். கரண்டு போனா மத்த வீட்டுப் பிள்ளைங்க கத்தும், இவ கட்டிலுக்கு அடியில போயிடுவா. ரெண்டு வயசுல இந்தப் புத்தியைப் பாருங்கன்னு எங்க வீட்டுக்காரர்கிட்ட பெருமையா சொல்லுவேன்.

பயம் இல்லைங்க அவளுக்கு. பழக்கம்.

நான் சேகோ மில்லுல கிழங்கு உரிக்கிறேன். மில்லு பேரு வேண்டாமே, உள்ள போய்ச் சொல்லத்தானே போறேன், அதுவரைக்கும் வாயில வராம இருக்கட்டும். சவ்வரிசி எதுல இருந்து வருதுன்னு தெரியுமில்ல? குச்சிக்கிழங்கு. மரவள்ளின்னு சொல்லுவாங்களே, அதுதான். லாரியில கொண்டாந்து கொட்டுவாங்க. பொம்பளைங்க நாங்க வரிசையா உக்காந்து கத்தியில தோலைச் சீவித் தள்ளணும். அப்புறம் மெஷின்ல அரைச்சு, அந்த மாவுப்பாலைத் தொட்டியில விட்டுத் தெளிய வைப்பாங்க. தொட்டி தரையோட தரையா இருக்கும். சுத்தியும் ஒரு சாண் உசரத்துக்குத் திட்டு, அவ்வளவுதான். மேல பாத்தா வெள்ளைத் தண்ணி. அடியில மாவு களி மாதிரி படிஞ்சு நிக்கும். பெரிய ஆளு இறங்கினாலே காலை உருவி எடுக்கிறது கஷ்டம்.

அந்த மாதிரி இடத்துக்குப் பிள்ளையை ஏன் கூட்டிட்டுப் போறேன்னு கேக்கிறீங்க. கேளுங்க, எல்லாரும்தான் கேக்கிறாங்க. லோடு விடியறதுக்கு முன்னாடி வந்துடும். பால்வாடி திறக்கிறது பத்து மணிக்கு. மாமியார் இல்ல. எங்கம்மா வேற ஊர்ல ஆடு மேய்க்குது. எங்க வீட்டுக்காரர் சதீஷ் கிழங்கு லாரிக்கு லோடு ஏத்தப் போயிடுவார். அப்ப இவளை எங்க வைக்கிறது, இடுப்புல சொருகிக்கவா? எங்க வரிசையில பாதிப் பேருக்கு இதே கதைதான்.

மில்லுக்குள்ள பிள்ளைங்க இருக்கக் கூடாதுன்னு எப்பவும் ஒரு பேச்சு உண்டு. அதனால ஆபீசர் ஜீப்பு வந்தா ஒளிச்சு வச்சிடுவோம். எப்படின்னா, ரோட்டுல ஜீப்பைப் பாத்ததும் வாட்ச்மேன் விசில் அடிப்பார், அது எங்களுக்குக் கேக்காது, மேஸ்திரி அங்கமுத்துவுக்குக் கேக்கும். அவர் அரைவை மோட்டாரை நிறுத்திடுவார். நாள் பூரா காதை அடைக்கிற சத்தம் சட்டுனு நின்னா எப்படி இருக்கும்? அதுதான் எங்களுக்கு அடையாளம். கத்தியைக் கீழ போட்டுட்டு ஆளுக்கொரு பிள்ளையைத் தூக்கிக்கிட்டுப் போய், பின்னாடி காலிச் சாக்கு அடுக்கியிருக்கிற ரூமுல விட்டுட்டு வந்து உக்காந்துக்குவோம். ஜீப்பு போனதும் மோட்டாரைப் போடுவார். பிள்ளைங்க தானா வெளிய வந்துடும். போகப் போக நாங்க தூக்கணும்னுகூட இல்ல, சத்தம் நின்னா அதுங்களே ஓடிடும். அதுங்களுக்கு அது ஒரு விளையாட்டு.

இதோ, ஃபேன் ஓடுது, வந்துட்டா பாத்தீங்களா. தனு, அக்காவுக்கு வணக்கம் சொல்லு. முழுப் பேரு தன்ஷிகா. அவங்க அப்பா நெட்டுல பாத்து வச்சது, அவருக்கே சரியாச் சொல்ல வராது. அக்கா பையை இழுக்காத தங்கம்.

போன வருஷம் எங்கயோ தூரத்துல ஒரு மில்லுத் தொட்டியில ஒரு பையன் விழுந்துட்டான். அதுக்கப்புறம்தான் இந்தச் சட்டம் போடுற பேச்சு வந்துச்சு. சட்டம்னா மேலயிருந்து இறங்கி வரும், நாம கையை நீட்டி வாங்கிக்கணும்னுதான் நான் நினைச்சுக்கிட்டிருந்தேன். பத்தாவது வரைக்கும் எங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துலதான் படிச்சேன். சட்டமன்றத்துல எத்தனை பேரு உக்காருவாங்கன்னு மனப்பாடம் பண்ணச் சொன்னாங்க. எழுதறதுக்கு முன்னாடி நம்மளைக் கேப்பாங்கன்னு யாரும் சொல்லல. சங்கத்துல இருந்து தமயந்தி மேடம் வந்து சொன்னப்புறம்தான் தெரியும். "இது இன்னும் சட்டம் ஆகலம்மா, வரைவுதான். எம்.எல்.ஏ.க்கள் குழு ஒண்ணு நேர்ல வந்து பாக்கும், உங்களைக் கேக்கும். நீங்க சொல்றதை வச்சு மாத்துவாங்க"ன்னாங்க.

அதுல ரெண்டு விஷயம் இருந்துச்சு. ஒண்ணு, மில்லுக்குள்ள பிள்ளைங்க வரவே கூடாது. இன்னொண்ணு, அதுக்குப் பதிலா மில்லுக்காரங்களே தனியா ஒரு ரூம் கட்டி, பாத்துக்க ஒரு ஆயாவையும் போட்டு, முதல் லோடு இறங்கும்போதே அதைத் திறந்து வைக்கணும். கேட்டதும் எங்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம். பாவாயி அக்கான்னு ஒருத்தங்க, எங்க வரிசையிலேயே பெரியவங்க, பேரனைக் கூட்டிட்டு வருவாங்க. அவங்க, "அந்த ஆயா வேலையை எனக்கு வாங்கிக் குடுடி ரேடியோ, உரிச்சு உரிச்சு முதுகே போச்சு"ன்னாங்க.

குழு வர்றதுக்கு முந்தின நாளு தமயந்தி மேடம் படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுப் போனாங்க. "நாளைக்குப் பிள்ளைங்களை மடியில வச்சுக்கிட்டு உக்காருங்க. அவங்க கண்ணால பாக்கட்டும்." எல்லாரும் தலையாட்டினோம். நான் தனுவுக்குத் தீபாவளிக் கவுனைப் போட்டுக் கூட்டிட்டுப் போனேன். எம்.எல்.ஏ. பாக்கிறாங்கல்ல.

ஜீப்பு வந்துச்சு. மோட்டார் நின்னுச்சு.

அவ்வளவுதான் அக்கா. யாரும் யோசிக்கவே இல்ல, கை தானா பிள்ளையைத் தூக்கிடுச்சு. நானும்தான். கவுன் கசங்காம சாக்குக்கு நடுவுல உக்கார வச்சுட்டு, வந்து கத்தியை எடுத்துத் தோலைச் சீவ ஆரம்பிச்சப்புறம்தான், ஐயோ இன்னைக்கு ஒளிக்கக் கூடாதேன்னு நினைப்பு வந்துச்சு. பக்கத்துல திரும்பிப் பாத்தா பாவாயி அக்காவும் என்னைத்தான் பாக்கிறாங்க. அதுக்குள்ள அவங்க எல்லாம் உள்ள வந்துட்டாங்க.

அப்பவாவது போய்த் தூக்கிட்டு வந்திருக்கலாமேங்கிறீங்க. மேஸ்திரி பக்கத்துலயே நிக்கிறார் அக்கா, கையைக் கட்டிக்கிட்டு.

குழுவுல கண்ணாடி போட்ட ஒரு அம்மா, ரொம்பத் தன்மையான அம்மா. சேலையைச் சுருட்டிக்கிட்டு எங்க முன்னாடி குந்தி உக்காந்துட்டாங்க. கிழங்கு எப்படி சீவறது, கை வலிக்குமா, எல்லாம் கேட்டாங்க. அப்புறம், "இங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டு வருவீங்களாம்மா?"ன்னாங்க. எல்லாரும் ரேடியோவைப் பாக்கிறாங்க. பெரிய மனுஷி ஒருத்தங்க தரையில உக்காந்து கேக்கிறாங்க, பதில் சொல்லாம இருந்தா அது மரியாதையா? நான்தான் சொன்னேன். "இங்க குழந்தைங்க யாரும் வர்றதில்லைங்க மேடம்."

மரியாதைக்குச் சொன்னதுங்க அது. அதைப் போய் இவ்வளவு பெரிசா எடுத்துக்குவாங்கன்னு யாருக்குத் தெரியும்.

அந்த நேரம் பாத்து குழுவுல இன்னொருத்தர், "மெஷின் எப்படி ஓடுதுன்னு பாக்கலாமே"ன்னார். மேஸ்திரிக்கு அவர் முன்னாடி நல்ல பேரு வாங்கணும். ஓடிப் போய் மோட்டாரைப் போட்டுட்டார்.

உங்களுக்கே புரியும், சாக்கு ரூமுல இருக்கிற பிள்ளைங்களுக்கு அது என்ன அர்த்தம்னு.

நாங்க உக்காந்திருந்தது தொட்டியைப் பாத்த மாதிரி. அவங்க எல்லாம் எங்களைப் பாத்து, தொட்டிக்கு முதுகைக் காட்டி. அவங்க கூட வந்து வீடியோ எடுத்த பையனும் அப்படித்தான். முதல்ல பாவாயி அக்கா பேரன் தலை தெரிஞ்சுது. விவரமான பையன், புது ஆளுங்களைப் பாத்ததும் தலையை உள்ள இழுத்துக்கிட்டான். அடுத்து இவ. மோட்டார் ஓடினா வரலாம், இவளுக்கு அவ்வளவுதான் தெரியும். என்னைப் பாத்துட்டா. நேரா என்கிட்ட வர்றா. நடுவுல தொட்டி. சுத்தித்தான் வந்தா, இல்லேங்கல. அந்தத் திட்டு மேல ஏறி, கையை ரெண்டு பக்கமும் விரிச்சுக்கிட்டு வந்தா.

வரிசையில இருந்த அத்தனை பேரும் பாத்தோம். ஒருத்தர்கிட்ட இருந்தும் சத்தம் வரல.

அந்த அம்மா அடுத்த கேள்வி கேக்கிறாங்க. மோட்டார் ஓடுறதால குரலை ஏத்தி, "பிள்ளைங்களுக்குன்னு தனியா ஒரு ரூம் கட்டினா உங்களுக்கெல்லாம் உபயோகமா இருக்குமா?"ன்னு. நான் அவங்க தோளுக்கு மேல இவளையே பாக்கிறேன். இவ நின்னுட்டா. குனிஞ்சா. நுரையை விரலால தொட்டுப் பாத்தா. "தேவையில்லைங்க மேடம்"னேன். என்ன கேட்டாங்கன்னுகூட மண்டையில ஏறல. இவங்க எந்திரிச்சுப் போனாப் போதும், அவ்வளவுதான் எனக்கு.

ஏன் கூப்பிடலன்னு நீங்களும் கேக்காதீங்க. கூப்பிட்டா அவங்க திரும்புவாங்கல்ல? இப்பத்தானே யாரும் இல்லைன்னு சொல்லியிருக்கேன்.

பாவாயி அக்காதான் வயித்தைப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சாங்க. "வயித்தை வலிக்குதுங்க மேடம், இதோ வந்துடறேன்"னு. ஓடல. ஓடினா தெரிஞ்சிடும். நடந்தேதான் போனாங்க. அந்த நடை முடியறதுக்குள்ள எனக்கு ஒரு வயசு கூடிப் போச்சுங்க. நான் இவளைப் பாத்துக்கிட்டே கிழங்கு சீவறேன், விரல்ல இறங்கினதுகூடத் தெரியல, அப்புறம் கிழங்கு செகப்பா இருக்கேன்னு பாத்தா ரத்தம். அக்கா போயி, இவளை முந்தானைக்குள்ள சுருட்டித் தூக்கிக்கிட்டு அப்படியே பின்னாடி போயிட்டாங்க. இவ அழக்கூட இல்ல. ஒரு காலு மட்டும் முட்டி வரைக்கும் வெள்ளையா இருந்துச்சு.

அந்தம்மாவுக்கு மனசு கேக்கல. "இங்க பொம்பளைங்களுக்குக் கக்கூஸ் இல்லையா?"ன்னு மேஸ்திரியைச் சத்தம் போட்டாங்க. அதைக் குறிச்சுக்கச் சொன்னாங்க.

ஜீப்பு போனப்புறம் நாங்க எல்லாரும் சிரிச்சோம். நான்தான் ரொம்பச் சிரிச்சேன், கண்ணுல தண்ணி வர்ற மாதிரி. பாவாயி அக்கா மட்டும் சிரிக்கல. இவளைக் கொண்டாந்து என் மடியில பொத்துன்னு வச்சுட்டு, "இந்தாடி, நம்ம மில்லுல இல்லாத குழந்தை"ன்னாங்க. அவங்களுக்கு எப்பவும் வாய் ஜாஸ்தி.

எனக்கு ஒண்ணும் ஆகலைங்க, நல்லாத்தான் இருக்கேன். சாப்பிடறேன், வேலைக்குப் போறேன். என்ன ஒண்ணு, உரிச்சுக்கிட்டே இருக்கும்போது கை நின்னு போயிடும். இவ மடியிலதான் இருப்பா, ஆனாலும் தொட்டியைப் பாப்பேன். வீட்ல அண்டாவுல தண்ணி பிடிச்சு வைக்கிறதை விட்டுட்டேன். பயந்துக்கிட்டு இல்ல. அண்டா இடத்தை அடைக்குது, அதான்.

கொஞ்ச நாள் கழிச்சுத் தமயந்தி மேடம் வந்தாங்க, முகமே சரியில்ல. மாத்தி எழுதின வரைவு வந்துடுச்சாம், செல்லுல வச்சுப் படிச்சாங்க. "குழுவினர் நேரில் ஆய்வு செய்தபோது குழந்தைகள் எவரும் காணப்படவில்லை. குழந்தைகள் காப்பகம் தேவையில்லை எனப் பெண் தொழிலாளர்களே தெரிவித்தனர்." அதனால ரூமும் போச்சு, ஆயாவும் போச்சு. பிள்ளைங்க வரக் கூடாதுங்கிறது மட்டும் அப்படியே நிக்குது. மீறினா மில்லுக்கும் தண்டனை, கூட்டிட்டு வந்த அம்மாவுக்கும் தண்டனை. புதுசா ஒண்ணு சேத்திருக்காங்க, எல்லா மில்லுலயும் பொம்பளைங்களுக்குக் கழிப்பறை கட்டணும்னு. பாவாயி அக்கா வயித்து வலி சட்டத்துல ஏறிடுச்சு அக்கா. என் பிள்ளை ஏறல.

"பெண் தொழிலாளர்களே தெரிவித்தனர்னா யாரு, நாங்களா சொன்னோம்?"னு ஒருத்தி கேட்டா. பாவாயி அக்கா தோலைச் சீவிக்கிட்டே, "ரேடியோ பாடினா வீட்ல இருக்கிற எல்லாரும் பாடின மாதிரிதான்"னாங்க. அப்புறம் யாரும் என்கிட்ட சரியா பேசறதில்ல. நான் என்ன பண்ணினேன்? மோட்டாரைப் போட்டது அங்கமுத்து.

இந்தச் சட்டம் அப்படியே வந்துட்டா நான் வேலையை விடணும், இல்லேன்னா இவளை வீட்டுக்குள்ள வச்சுப் பூட்டிட்டுப் போகணும். பூட்டிட்டுப் போற வீடுங்க எங்க ஊர்ல இருக்கு. ஜன்னல் வழியா சோத்துக் கிண்ணத்தை நீட்டிட்டுப் போற பக்கத்து வீட்டுக்காரங்களும் இருக்காங்க. இவளைப் பூட்டினா கதவைக்கூடத் தட்ட மாட்டா. சத்தம் போடாம இருக்கத்தான் நல்லாப் பழக்கி வச்சிருக்கேனே.

தமயந்தி மேடம்தான் சொன்னாங்க, இன்னைக்கு இங்க அதே குழு நடத்துறதுதான் கடைசிக் கூட்டம், இதுக்கப்புறம் சட்டசபைக்குப் போயிடும், யாரு வேணும்னாலும் வந்து பேசலாம்னு. பேசறதை எல்லாம் வீடியோ எடுத்து நெட்டுல போடுவாங்களாம், எல்லாருக்கும் தெரியணும்கிறதுக்காக. நல்லதுதான். ஆனா எல்லாருக்கும்னா அங்கமுத்துவுக்கும்தானே.

அவர் நேத்து வீட்டுக்கு வந்திருந்தார். சத்தமெல்லாம் போடல. டீ குடிச்சார். இவ கன்னத்தைத் தட்டினார். "அன்னைக்கு வீடியோவுல ஒரு மாதிரி சொல்லிட்டு, நாளைக்கு வேற மாதிரி சொன்னா, குழு முன்னாடி பொய் சொன்னதா ஆயிடும்மா. பிள்ளையை ஆபத்தான இடத்துக்குக் கொண்டு போனேன்னு நீயே ஒத்துக்கிட்டா, பிள்ளையை எடுத்துட்டுப் போய் ஹோம்ல வச்சுடுவாங்க. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்"னார். டம்ளரைக்கூட அவரே கழுவி வச்சுட்டுப் போனார்.

அப்படிச் செய்வாங்களா அக்கா? எடுத்துட்டுப் போயிடுவாங்களா? நீங்க படிச்சவங்க மாதிரி இருக்கீங்க, அதான் கேக்கிறேன். தெரியலையா. போன்ல கேட்டதுக்குத் தமயந்தி மேடம் "அப்படி எல்லாம் நடக்காது"ன்னுதான் சொன்னாங்க. நடக்காதுன்னு சொல்றதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிச்சாங்க. அந்த யோசிச்ச நேரம்தான் எனக்கு மனசை விட்டுப் போக மாட்டேங்குது.

பஸ் ஸ்டாப்புக்கு எல்லாரும் வர்றதாத்தான் பேச்சு. காலையில போய் நின்னா நான் மட்டும்தான். ரெண்டு லாரி லோடு ஒண்ணா வந்துடுச்சாம். பஸ் வர்ற நேரத்துக்குப் பாவாயி அக்கா மட்டும் கையில ஒட்டின கிழங்குத் தோலோட வந்தாங்க. "ஏக்கா, ஏறுங்க"ன்னேன். "நான் வந்தா என்கிட்ட முதல்ல வயித்து வலி தேவலையான்னுதான்டி கேப்பாங்க"ன்னாங்க. சிரிச்சேன். அப்புறம் அவங்க இவ காலைப் பிடிச்சுக்கிட்டு, பஸ் நகர்ற வரைக்கும் விடவே இல்ல. எந்தக் காலுன்னு நான் சொல்லணுமா.

சதீஷா? அவர் போகாதன்னும் சொல்லல, போன்னும் சொல்லல. தொட்டி விஷயம் அவருக்குத் தெரியாது. இன்னைக்கு உள்ள சொன்னா, அவரும் வீடியோவுலதான் தெரிஞ்சுக்குவார்.

என்னது? என் பேரா கூப்பிட்டாங்க? வெண்ணிலா, நான்தாங்க. வர்றேங்க.

என்னண்ணா சொல்றீங்க? குழந்தையோட உள்ள வரக் கூடாதா? இவளைக் காட்டத்தானே நான் வந்திருக்கேன். சத்தம் போட்டா ரெக்கார்டிங் கெட்டுப் போகுமா? இவ சத்தமே போட மாட்டா அண்ணா. ஒரு சத்தம் வராது, நான் பொறுப்பு. ரூல்ஸா. சரிங்க. இல்ல, நான் சண்டை போடல. அடுத்த ஆளைக் கூப்பிட்டுடாதீங்க, ஒரு நிமிஷம், ஒரே நிமிஷம்.

அக்கா, உங்க ஆபீசர் இன்னும் வரலதானே? இவளைக் கொஞ்சம் தூக்கிக்குங்க. தனு, அக்காகிட்ட போ தங்கம், அம்மா இந்தா வந்துடறேன். அதோ, கதவுக்கு நேரா அந்தத் தூண் இருக்கு பாருங்க, அங்க நில்லுங்க. உக்காந்துடாதீங்க, உக்காந்தா உள்ள இருந்து எனக்குத் தெரியாது. முகம் இந்தப் பக்கம் பாத்த மாதிரி. நான் வேற ஒண்ணும் பெரிசா பேசப் போறதில்ல. பேரைச் சொல்லுவேன், மில்லு பேரைச் சொல்லுவேன், அப்புறம் கையை நீட்டி, அந்தா நிக்கிறா பாருங்க மேடம், அன்னைக்கும் உங்க பின்னாடிதான் இருந்தாள்னு சொல்லுவேன். அவங்க ஒரு தடவை திரும்பிப் பாத்தாப் போதும். அதுக்கு மேல எனக்குப் பேச்சு வருமோ என்னமோ.

அண்ணா, ஏசி ஓடுது, தெரியுதுங்க. நான் பேசி முடிக்கிற வரைக்கும் அந்தக் கதவை மட்டும் திறந்து வைங்க.